மேலேதான் இருக்கிறது, பேசாது

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெருங்களத்தூரில் ஒரு கல்லூரிப் பிள்ளை அலுமினியக் கம்பியை அளந்து வெட்டி, பிவிசி பைப்பில் கோத்து, யாகி ஆன்டெனா செய்து மொட்டை மாடியில் நிற்கிறார் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊரில் மொட்டை மாடி என்றால் வடகம் காயப்போட, வாட்டர் டேங்க் நிரம்பியதா என்று எட்டிப் பார்க்க என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் சிக்கல் இது. ஹாம்களுக்காக, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்காக, இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோள் இப்போது தலைக்கு மேலே போகிறது என்று செல்போன் ஆப் காட்டுகிறது. நீங்களும் 145.9 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறீர்கள். இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆன்டெனா அளவில் தப்பா, ரிசீவர் மலிவானது என்பதாலா, ரயில்வேயின் 25,000 வோல்ட் கம்பி பக்கத்தில் ஓடுவதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் காரணம் இல்லை. ஆப்பும் பொய் சொல்லவில்லை. ஹாம்சாட் மேலேதான் இருக்கிறது. 2014 ஜூலை 11-க்குப் பிறகு அது பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் கடிதத்தின் அடியில், “கையில் போன் இருக்கும்போது பன்னிரண்டு நிமிஷம் வந்துபோகிற சாட்டிலைட் எதுக்கு?” என்று உங்கள் நண்பர் கேட்டதாகவும், உங்களுக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியைப் பலர் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

2005 மே 5. அக்னி நட்சத்திர வெயில். ஸ்ரீஹரிகோட்டாவில் புதிதாகக் கட்டிய இரண்டாவது ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் பிஎஸ்எல்வி-சி6. நிலத்தைப் படம் பிடிக்கும் கார்ட்டோசாட்-1தான் அதன் முக்கியப் பயணி. எடை 1,560 கிலோ. கூடவே 42.5 கிலோவில் ஒரு சிறிய பெட்டி போனது. அதுதான் ஹாம்சாட். ஏவுதலை நேரில் பார்த்தவர்களில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் ஒருவர். கலாம் படித்த எம்ஐடி, நம் ஊரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷனான குரோம்பேட்டையில் இருக்கிறது. அந்தக் கல்லூரி இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

மேலே போய் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியதும், உலக ஹாம்களின் வழக்கப்படி அதற்கு ஆஸ்கார் வரிசையில் ஓர் எண் கிடைத்தது: வியூசாட் ஆஸ்கார்-52. நாங்கள் சுருக்கமாக விஓ-52 என்போம். அந்த வரிசை 1961 டிசம்பரில் அமெரிக்க ஹாம்கள் செய்து அனுப்பிய ஆஸ்கார்-1-இல் தொடங்கியது. மோர்ஸில் ‘ஹாய்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு 22 நாளில் பேட்டரி தீர்ந்து அடங்கிய பெட்டி அது.

ஹாம்சாட்டுக்குள் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது. இன்னொன்றைச் செய்தவர் வில்லியம் லெய்யெனார் என்ற நெதர்லாந்து மாணவர், அவரும் ஹாம். ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம், வேறு நாட்டு மாணவர் ஒருவர் செய்த சர்க்யூட்டை வாங்கித் தன் செயற்கைக்கோளில் வைத்துப் பறக்கவிட்டிருக்கிறது. இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

டிரான்ஸ்பாண்டரின் வேலையைச் சொல்வது சுலபம். கீழிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வருகிற அத்தனையையும் அது கேட்கும். கேட்டதை 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாற்றி, ஏறத்தாழ ஒரு வாட் சக்தியில் திருப்பி அனுப்பும். பேசுகிறவர் யார், என்ன மொழி என்று பார்க்காது. அந்த அகலத்துக்குள் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் பேசிக்கொள்ளலாம். ரீசார்ஜ் கிடையாது, ஓடிபி கிடையாது. அவரவர் நாட்டில் வாங்கிய ஹாம் லைசென்ஸ் இருந்தால் போதும். வெயில் காலத்தில் தெருமுனையில் வைக்கிற தண்ணீர்ப் பந்தல் மாதிரி. பந்தல் வைத்தது இஸ்ரோ. பல நாட்டு ஹாம்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

தரையிலிருந்து சுமார் 620 கிலோமீட்டர் உயரம், துருவங்களை ஒட்டிய பாதை, ஒரு சுற்றுக்கு 97 நிமிடம். அந்த உயரத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் தொலைவு வரை அதன் பார்வைக்குள் வரும். அது வங்காள விரிகுடாவுக்கு மேல் இருக்கும்போது பெருங்களத்தூர் மாடியும் சிங்கப்பூர் அடுக்குமாடி பால்கனியும் ஒரே நேரத்தில் அதற்குத் தெரியும். அது நம் வானத்தை ஒருமுறை கடந்துபோவதைத்தான் பாஸ் என்போம். நல்ல பாஸ் என்றால் பன்னிரண்டு நிமிடம், மிஞ்சினால் பதின்மூன்று.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் டயல் ஒரே இடத்தில் நிற்காது. சாட்டிலைட் நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் மேலே தள்ளி இருக்கும், கடந்து போகும்போது இறங்கிவிடும். டாப்ளர் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள், பரீட்சையில் எழுதியிருப்பீர்கள், விரலில் உணர்ந்திருக்க மாட்டீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் இந்த நகர்வு மூன்று கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். 435-இல் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை போகும். விஓ-52 இதில் ஒரு சாமர்த்தியம் செய்தது. மேலே வருவதைத் தலைகீழாக்கிக் கீழே அனுப்பும். லோயர் சைட்பேண்டில் நாம் பேசியது அப்பர் சைட்பேண்டாக இறங்கும். அதனால் ஏறும்போது ஏற்பட்ட நகர்விலிருந்து இறங்கும்போது ஏற்படும் நகர்வு கழிந்துவிடும். மிச்சத்தைத்தான் நாம் திருத்த வேண்டும். வலது கையில் ஆன்டெனா, இடது கை டயலில், காதில் ஹெட்போன். லாக் எழுத ஆண்டவன் மூன்றாவது கை வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பேசுவது மேலே போய்த் திரும்பி வருவதை நாமே கேட்கலாம். நம் குரல்தான், ஆனால் கொஞ்சம் மெலிந்து, சாட்டிலைட் தன்னைத்தானே சுற்றுவதால் ஏறி இறங்கிக் கேட்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, என் கால்சைனையே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். கொல்கத்தாவோ கொழும்போ பதில் சொன்னது அப்புறம்தான்.

தொடக்க ஆண்டுகளில் அது காலை பத்தரையை ஒட்டியும் இரவு பத்தரையை ஒட்டியும் வரும். காலைப் பாஸ் வேலைக்குப் போகிறவனுக்கு லபிக்காது. இரவில் மாடியேறி, வண்டலூர்க் காட்டுப் பக்கம் ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு மெல்லத் திரும்புவேன். எதிர் வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர், நான் கேபிள் டிவிக்காரரை ஏமாற்றுகிறேன் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். “என்னப்பா, சிக்னல் வரலையா?” என்பார். “வந்துட்டுப் போயிடுச்சும்மா” என்பேன். அவர் முகத்தில் ஒரு அனுதாபம்.

சரி, நின்றுபோன கதைக்கு வருகிறேன்.

ஹாம்சாட்டைச் செய்தபோது எதிர்பார்த்த ஆயுள் இரண்டு ஆண்டு. ஓடியது ஒன்பது ஆண்டு இரண்டு மாதம். பாதியை வெயிலிலும் பாதியை இருட்டிலும் கழிக்கிற நமக்கு ஒரு நாளைக்கு ஒரே இரவு. அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேர இரவு உண்டு. நாளைக்குப் பதினைந்து முறைக்குக் கொஞ்சம் குறைவு. நிழலுக்குள் போனதும் பேட்டரி கொடுக்க வேண்டும், வெளியே வந்ததும் சோலார் பேனல் அதை நிரப்ப வேண்டும். மொத்தச் சுற்றுகள் 50,000-ஐ நெருங்கின என்றால் அந்த லித்தியம் அயனி பேட்டரி எத்தனை முறை இறங்கி ஏறியிருக்கும் என்று பாருங்கள். உங்கள் போனில் இருப்பதும் அதே வகைதான். அது சில நூறு முழுச் சார்ஜுக்குள் சோர்ந்துவிடுகிறது. விண்வெளியில் பேட்டரியை ஒட்ட உறிஞ்ச விடமாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே எடுத்துக் கொஞ்சமே நிரப்புவார்கள். அப்படி நடத்தினால் நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு.

ஜூலை 11 அன்று பேட்டரி கைவிட்டது. அதோடு உள்ளே இருந்த கணினி ரீசெட் ஆகத் தொடங்கியது. பெங்களூரில் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்தினர் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றும் முடியவில்லை. அந்த மாதமே, இது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று இஸ்ரோவின் முடிவு வந்துவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது குறை சொன்ன ஹாம் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வந்து ஒன்பது ஆண்டு உழைத்த ஊழியரை யார் குறை சொல்வார்கள்?

பணி முடிந்தது என்றால் விழுந்துவிட்டது என்று பொருள் இல்லை. அந்த உயரத்தில் காற்று மிகமிக மெலிது. அது வேகத்தைத் தின்று பெட்டியைக் கீழே கொண்டுவரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவரை ரேடார்கள் அதைப் பின்தொடரும், பட்டியலில் பெயர் இருக்கும், உங்கள் ஆப்பும் காட்டும்.

அறிவிப்புக்குப் பிறகும் சிலர் 145.9-ஐ விட்டுக் காதை எடுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. ஆஸ்கார்-7 என்ற செயற்கைக்கோளை 1974 நவம்பர் 15 அன்று ஏவினார்கள். 1981-இல் அதன் பேட்டரி ஷார்ட் ஆகி, கதை முடிந்தது என்று எழுதிவைத்துவிட்டார்கள். 2002 ஜூனில் இங்கிலாந்து ஹாம் ஒருவர் தற்செயலாக அதன் மோர்ஸ் ஒலியைக் கேட்டார். ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி காலப்போக்கில் திறந்த சர்க்யூட்டாக மாறிவிட, பேனலின் மின்சாரம் நேரே டிரான்ஸ்பாண்டருக்குப் போக ஆரம்பித்தது என்பதுதான் விஷயம் தெரிந்தவர்களின் கணிப்பு. அன்றிலிருந்து வெயிலில் விழித்து நிழலில் தூங்குகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அதன் வழியே ஆட்கள் பேசினார்கள்.

ஹாம்சாட்டும் அப்படி எழுந்து வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆஸ்கார்-7 பழைய காலத்துச் சரக்கு. மின்சாரம் வந்தால் டிரான்ஸ்பாண்டர் எழுந்துவிடும், யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஹாம்சாட்டில் நடுவே ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அது முதலில் நிதானத்துக்கு வர வேண்டும். சிறு செயற்கைக்கோள் செய்கிறவர்கள், பேட்டரி போனாலும் வெயிலில் டிரான்ஸ்பாண்டர் ஓடும்படி ஒரு பின்வாசல் வைத்தே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் மின்னணுவியல் படிக்கிறவர், பின்னால் உங்களுக்கு உதவலாம்.

இப்போது உங்கள் நண்பர். போன் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு ஹாம்கள் உடனே பேரிடரை இழுப்பார்கள். 2004 டிசம்பர் சுனாமியின்போது, ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காகக் குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தார். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்தது ஷார்ட்வேவ். ஹாம்சாட் பறந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. 2015 டிசம்பர் 1-ஐப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளின் தரைத்தளத்தை விழுங்கிவிட்டது. கரண்ட் போய், டவர்கள் படுத்து, போன்கள் வெறும் டார்ச் லைட் ஆயின. ஹாம்சாட் இருந்திருந்தால் என்று ஒரு நண்பர் அப்போது பெருமூச்சு விட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. நாளைக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மட்டும் எட்டிப் பார்க்கிற ஒன்றை நம்பிப் படகு கூப்பிட முடியாது. அந்த இரவுக்குத் தேவை கார் பேட்டரியில் ஓடும் விஎச்எப் செட்டும், உயரமான இடத்தில் தனிப் பேட்டரியோடு ஒரு ரிப்பீட்டரும். ஹாம்சாட்டின் தலையில் அது சுமக்காத பெருமையை ஏற்ற வேண்டாம்.

அது சுமந்தது வேறு. வானத்தில் கை வைத்துப் பார்க்க ஒரு பொருள் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், நம் ரயில் பாதையே போதும். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் செய்த அனுசாட், 2009 ஏப்ரல் 20-இல் பிஎஸ்எல்வி-சி12-இல் ரிசாட்-2 உடன் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள்; எடை 40 கிலோ. மூன்று ஆண்டு கழித்து 2012 ஏப்ரலில் அதன் பணி முடிந்தது. தெற்கே பொத்தேரியில் இறங்கினால் எஸ்ஆர்எம். அங்கே மாணவர்கள் செய்த, 11 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எஸ்ஆர்எம்சாட், பசுங்குடில் வாயுக்களைக் கவனிப்பதற்காக 2011 அக்டோபர் 12-இல் பிஎஸ்எல்வி-சி18-இல் போனது. ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் சத்யபாமாவின் ஒன்றரைக் கிலோ சாட்டிலைட் 2016 ஜூன் 22-இல் போனது. சென்னையின் தெற்குப் புறநகர் செய்து அனுப்பியவை இவை. ஆனால் மூன்றுமே அவரவர் ஆய்வுக்கானவை. தெருவில் போகிறவன் மாடியேறி ஆன்டெனா நீட்டி, தன் குரலை வைத்துச் சோதித்துப் பார்க்க வாய்த்தது ஹாம்சாட் ஒன்றுதான். சாட்டிலைட்டைப் பின்தொடர்வது, டாப்ளர் திருத்துவது, ஒரு வாட்டுக்கும் குறைந்த சிக்னலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது, இதையெல்லாம் படிக்கிற வயதில் ஒரு காசு செலவில்லாமல் பழகலாம். போனில் இது கிடையாது. போனைத் திறந்து பார்த்தால் வாரண்டி போய்விடும்.

அதனால், ஹாம்சாட் நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்தது தயாராக இல்லாததில்தான் மனத்தாங்கல். ஏழு ஆண்டு கூடுதல் அவகாசம் இருந்தது. பேட்டரிக்கு வயதாவது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கார்ட்டோசாட்டின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லாத பெட்டி. பின்னால் நடந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும்: 2019 ஏப்ரல் 1-இல் பிஎஸ்எல்வி-சி45 ராக்கெட்டின் நான்காம் அடுக்கிலேயே ஆம்சாட்-இந்தியா என்ற ஹாம் அமைப்பின் பாக்கெட் ரிப்பீட்டர் ஒன்று ஏறிப் போனது. 2024 டிசம்பர் 30-இல் கிளம்பிய, அதேபோல ராக்கெட்டின் நான்காம் அடுக்கான போயம்-4-இல், கர்நாடகப் பொறியியல் கல்லூரி ஒன்றும் பெங்களூர் உபக்கிரஹா ஹாம் சங்கமும் சேர்ந்து செய்த அர்பித் இருந்தது. குரல் செய்திகளை அனுப்பியது. 2025 ஏப்ரல் 4-இல் போயம்-4 கடலுக்குத் திரும்பிவிட்டது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் ராக்கெட்டின் மிச்சத்தில் குடியிருக்கிறவற்றுக்கு ஆயுள் மாதக் கணக்கு. அவற்றைக் கேட்கலாம், அவற்றின் வழியே இன்னொருவரோடு உட்கார்ந்து பேச முடியாது. ஜப்பானியர்கள் 1996-இல் அனுப்பிய ஃபுஜி-29, ரஷ்யாவின் ஆர்எஸ்-44, கத்தாரின் செயற்கைக்கோளில் சவாரி செய்கிற கியூஓ-100 எல்லாம் நமக்கும் கேட்கின்றன. இன்று இந்திய ஹாம்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பந்தலில்தான் குடிக்கிறார்கள்.

கியூஓ-100 பற்றி ஒரு வார்த்தை. அது நிலையாக நிற்கிற வகை. பெருங்களத்தூரிலிருந்து நேர் மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே, தொடுவானுக்கு மேல் 27 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஒரு சின்ன டிஷ் வைத்தால் நாள் முழுக்கக் கேட்கலாம். வளைகுடாவும் ஐரோப்பாவும் வீட்டுக்குள் வரும். வசதி என்றால் வசதி. ஆனால் ஓடுகிற ஒன்றைத் துரத்திப் பிடித்தவனுக்கு அதில் பாதி ருசிதான். இது கிழவன் பேச்சு, தள்ளிவிடுங்கள்.

உங்களுக்கு உடனே செய்ய வேண்டியவை சில. ஆப்பில் ஹாம்சாட்டை விட்டுவிட்டு ஆஸ்கார்-7-ஐ எடுங்கள். பகல் பாஸாகப் பாருங்கள், 145.925-க்கும் 145.975-க்கும் நடுவே தேடுங்கள். நீங்கள் செய்த அதே யாகி போதும். அது சில நாள் ஒரு மோடில் இருக்கும், சில நாள் இன்னொரு மோடுக்குப் போயிருக்கும், அதனால் ஒரு நாள் கேட்காவிட்டால் இன்னொரு நாள் பாருங்கள். 435.610-இலிருந்து 435.670 வரை ஆர்எஸ்-44. அதற்குத் தனியாகக் குட்டை யாகி வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சில சமயம் 145.800-இல் படம் அனுப்புவார்கள். அதை எஃப்எம்மில் கேட்க வேண்டும். பேச ஆசை வந்தால் லைசென்ஸ் தேர்வு எழுதுங்கள். பன்னிரண்டு வயதானாலே எழுதலாம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மோர்ஸ் வேண்டாம் என்றால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, வியூ3 கால்சைன். மோர்ஸையும் படித்து ஜெனரல் கிரேடு எழுதினால் வியூ2. சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. அங்கே போய் நின்றால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்.

மாடிப்படியில் எரிகிற மலிவு எல்இடி பல்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள்; உங்கள் இரைச்சலில் பாதி ரயில் கம்பியிலிருந்து வருவதில்லை, அதிலிருந்துதான் வரும். கோஆக்ஸ் கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முக்கியமாக, ஆஸ்கார்-7-ஐக் கேட்கும்போது ரிசீவரை அப்பர் சைட்பேண்டில் வையுங்கள். எஃப்எம்மில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினால் அடுத்த கடிதத்துக்குப் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
பெருங்களத்தூரிலிருந்து ஒரு பழைய ஹாம்
73 (எங்கள் ஹாம் வழக்கில், வாழ்த்துகள்)